புதுப் பந்தயத் தளத்தில் விலை கூடவா? கணக்குப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கிரிக்கெட் தொடர் ஒன்று தொடங்கினால் போதும், திருகோணமலை இளைஞர்களின் வட்ஸ்அப் குழுக்களில் இணையப் பந்தயத் தளங்களைப் பற்றி ஒரே பேச்சுத்தான்: "பழைய தளத்தை விடு மச்சான், புதுசா வந்ததில ஒட்ஸ் கூட. போனஸும் தாறாங்கள்." மத்திய வீதி முச்சக்கரவண்டித் தரிப்பிடத்திலும் மெக்கெய்சர் மைதான வாசலிலும் கிண்ணியாப் பேருந்திலும் இதே வாக்கியத்தைக் கேட்கலாம். சொல்லும் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். கணக்கும் தெரிந்தவர்கள். ஆனால் அந்தக் கணக்கைப் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். மீதிப் பாதியை உங்கள் பத்திரிகை வாசகர்கள் முன் வைக்கவே இக்கடிதம். பந்தயம் வைக்கச் சொல்லித்தரும் நோக்கம் எமக்கு இல்லை. யாரும் வைக்காமல் இருப்பதே எமது விருப்பம். ஆனால் "வைக்காதே" என்று மட்டும் சொன்னால் எவரும் கேட்பதில்லை. அவர்கள் பேசும் விலையிலேயே, அதாவது அந்த ஒட்ஸிலேயே, பேசிப் பார்ப்போம்.

முதலில், ஒரு தளம் நம்மிடமிருந்து எவ்வளவு எடுக்கிறது என்பதை அளக்க நாணயச் சுழற்சிப் பந்தயத்தைப் பாருங்கள். எந்த அணி வெல்லும் என்பதில் ஆளுக்கொரு கருத்து இருக்கலாம். நாணயம் பூவா தலையா என்பதில் கருத்துக்கு இடமில்லை, பாதிக்குப் பாதிதான். நியாயமான விலை 2.00. அதாவது 1,000 ரூபாய் வைத்து வென்றால் முதலோடு சேர்த்து 2,000 ரூபாய் வரவேண்டும். தளத்தில் இரு பக்கமும் 1.90 என்று போட்டிருந்தால், இரு பக்கமும் ஆயிரம் ஆயிரமாக வைத்துப் பார்ப்பதாக நினையுங்கள். போட்டது 2,000, திரும்ப வருவது 1,900. அந்த 100 ரூபாய்தான் தளத்தின் தரகு, நூற்றுக்கு 5. 1.95 என்றால் தரகு 2.5. 1.85 என்றால் 7.5. ஒரு தளம் மலிவா விலையேற்றமா என்பதை அதன் முகப்பில் ஓடும் விளம்பரப் படம் சொல்லாது. இந்த ஒரு வரி சொல்லிவிடும்.

மற்றப் பந்தயங்களுக்கும் இதே முறைதான். ஒவ்வொரு விலையாலும் 100ஐ வகுத்து, வந்தவற்றைக் கூட்டுங்கள். கூட்டுத்தொகை 100க்கு மேலே எவ்வளவு போகிறதோ அந்த அளவுக்குத் தரகு கூட. உதாரணமாக, இலங்கையும் பங்களாதேஷும் ஆடும் போட்டி ஒன்றுக்குப் பழைய தளம் இலங்கைக்கு 1.62, பங்களாதேஷுக்கு 2.25 என்று போடுகிறது என வைத்துக்கொள்வோம். 61.73ஐயும் 44.44ஐயும் கூட்டினால் 106.17. புதுத் தளம் இலங்கைக்கு 1.70, பங்களாதேஷுக்கு 2.08 போடுகிறது. 58.82ஐயும் 48.08ஐயும் கூட்டினால் 106.90. இலங்கைக்கு விலை கூட்டியது உண்மை. ஆனால் கூட்டியதை மறுபக்கத்தில் குறைத்து, அதற்கு மேலும் கொஞ்சம் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். நம் ஆட்கள் இலங்கை பக்கம்தான் பார்ப்பார்கள் என்று தெரிந்து போட்ட விலை அது. மீன் வாங்கும்போது கிலோ விலையை மட்டும் கேட்டுவிட்டுத் தராசைப் பார்க்காமல் வருவதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை.

ஆனாலும் நேர்மையாகச் சொல்லவேண்டும். இலங்கை வெல்லும் என்று மட்டும் பந்தயம் வைப்பவருக்கு 1.62ஐ விட 1.70 நல்ல விலைதான். அதில் சந்தேகமே இல்லை. புதுத் தளங்கள் பெயர் எடுப்பதற்காக, எல்லோரும் பார்க்கும் பெரிய ஆட்டங்களில், எல்லோரும் பார்க்கும் பக்கத்தில் இப்படி விலை கூட்டுவது வழமை. ஆனால் அந்த விலைக்குக் கீழே சிறிய எழுத்தில் ஒரு வரி இருக்கும்: ஆகக்கூடிய பந்தயத் தொகை இவ்வளவு. அது 2,000 ரூபாய் என்றால், வென்றாலும் மேலதிகமாகக் கிடைப்பது 160 ரூபாய். அந்த 160 ரூபாய்க்காக அடையாள அட்டைப் படத்தையும் வங்கி விபரத்தையும் முன்பின் தெரியாத ஒருவருக்கு அனுப்புகிறோம்.

கூட்டிக் கொடுத்ததை எங்கே திருப்பி எடுக்கிறார்கள்? பக்கப் பந்தயங்களில். அதிக ஓட்டம் எடுக்கும் துடுப்பாட்ட வீரர் யார் என்ற பந்தயத்தை எடுங்கள். பதினொருவருக்கும் 3.50, 4.00, 4.50, 6.00, 8.00, 11, 17, 26, 41, 67, 81 என்று விலை இருந்தால், பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். ஒவ்வொன்றாலும் 100ஐ வகுத்துக் கூட்டிப் பாருங்கள், ஏறத்தாழ 129 வரும். அதாவது 129 ரூபாய் வைத்தால் 100 ரூபாய்தான் திரும்பும். வைக்கும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் 22 ரூபாய்க்கு மேல் தளத்துக்கு. வெற்றி தோல்விப் பந்தயத்தில் 6 ரூபாய் எடுத்த அதே தளம்! அடுத்த ஓவரில் எத்தனை ஓட்டம், அடுத்த பந்தில் நான்கா ஆறா என்பன போன்ற உடனடிப் பந்தயங்களிலும் தரகு கூடவே இருக்கும். அங்கே இன்னொரு கணக்கும் உண்டு. "ஒரு பந்துக்கு 200 ரூபாய்தானே" என்பார்கள். இருபதுக்கு இருபது ஆட்டத்தில் ஓர் இன்னிங்ஸுக்கு 120 பந்துகள். ஒவ்வொன்றுக்கும் 200 வைத்தால் 24,000 ரூபாய் கைமாறிவிட்டது. தரகு நூற்றுக்கு 10 என்றால் சராசரியாக 2,400 ரூபாய் போயிற்று, அதுவும் ஒரே மாலையில், அந்த 24,000 ரூபாயை அக்கவுண்டில் ஒருபோதும் போடாத ஒருவருக்குக்கூட. தரகு வைப்புத் தொகைக்கு இல்லை, புரளும் தொகைக்கு. வீட்டில் "நான் போட்டது கொஞ்சம்தான்" என்று பிள்ளை சொல்வது பொய்யாக இருக்கவேண்டியதில்லை. புரண்டதை அவர் எண்ணவில்லை, அவ்வளவுதான்.

பல ஆட்டங்களைச் சேர்த்து ஒரே சீட்டாக வைப்பதும் இப்படித்தான். நாணயம் போல் பாதிக்குப் பாதியான ஐந்து ஆட்டங்களை 1.90 விலையில் சேர்த்தால் 24.76 வரும். நியாயப்படி 32 வரவேண்டும். தனித்தனியே நூற்றுக்கு 5 ஆக இருந்த தரகு, ஐந்தும் சேர்ந்ததும் நூற்றுக்கு 22.6 ஆகிறது. புதுத் தளங்கள் "சேர்த்து வைத்தால் 10 சதவீதம் மேலதிகம்" என்று கூவி விற்பது இந்தச் சீட்டைத்தான். 24.76க்கு 10 சதவீதம் கூட்டினாலும் 27.24 தான். 32க்குக் கிட்டவும் வரவில்லை.

இனி போனஸ். புதுத் தளத்துக்கு ஆள் மாறுவதற்கு முதற்காரணம் இது என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டியிருக்கிறது. "10,000 போடுங்கள், இன்னும் 10,000 தருகிறோம்" என்பது விளம்பரம். நிபந்தனைப் பக்கத்தில் பந்தயச் சுழற்சி 10 மடங்கு என்று இருக்கும். இங்கே முதலில் கேட்கவேண்டிய கேள்வி, எதன் 10 மடங்கு? போனஸின் 10 மடங்கா, வைப்பும் போனஸும் சேர்ந்த தொகையின் 10 மடங்கா? இரண்டும் சேர்ந்தது என்றால், 20,000இன் 10 மடங்கு, அதாவது 2,00,000 ரூபாய்க்குப் பந்தயம் புரட்டிய பிறகுதான் ஒரு சதமேனும் வெளியே எடுக்கலாம். தரகு நூற்றுக்கு 5 ஆக இருந்தாலே அந்தப் புரட்டலில் சராசரியாக 10,000 ரூபாய் போய்விடும். தந்த போனஸ் முழுவதும் அங்கேயே தீர்ந்தது. தரகு 6 என்றால் சொந்தப் பணத்திலும் 2,000 போகிறது. 30 நாள் கெடு வேறு. ஒரு நாளைக்கு 6,700 ரூபாய் அளவில் பந்தயம் வைத்தாகவேண்டும், ஆட்டம் இருக்கிறதோ இல்லையோ. தெரியாத நாட்டின் தெரியாத இரண்டாந்தர உதைபந்தாட்டப் போட்டிக்கு நம் பிள்ளைகள் நள்ளிரவில் பந்தயம் வைப்பது இதனால்தான்.

எல்லாப் போனஸும் ஏமாற்று என்றும் சொல்லமுடியாது. போனஸுக்கு மட்டும் 5 மடங்கு, தனி ஆட்டங்களில் வைக்கலாம், தரகு நூற்றுக்கு 5 என்றால், 50,000 புரட்டலில் 2,500 போய் 7,500 மிஞ்சவேண்டும். ஆனால் அதே 5 மடங்கை "குறைந்தது மூன்று ஆட்டங்கள் சேர்த்த சீட்டு" என்ற நிபந்தனையோடு தந்தால், மூன்று தரகுகள் சேர்ந்து நூற்றுக்கு 14.3 ஆகி, 7,150 போய்விடும். மிஞ்சுவது 2,850. ஒரே ஒரு வரி, 4,650 ரூபாய் வித்தியாசம். அதோடு இவை சராசரிக் கணக்குகள். பலருக்குப் புரட்டி முடிப்பதற்கு முன்பே இருப்புத் தீர்ந்துவிடும். "இலவசப் பந்தயம்" என்பதும் முழு மதிப்பு உடையது இல்லை. வென்றால் இலாபத்தை மட்டும் தருவார்கள், முதல் திரும்பாது. 1,000 ரூபாய் இலவசப் பந்தயத்தைப் பாதிக்குப் பாதி வாய்ப்பில் 1.90 விலையில் வைத்தால், அதன் உண்மை மதிப்பு 900 ரூபாய் இலாபத்தின் பாதி, 450 ரூபாய்தான்.

புதுத் தளம் என்றால் புது ஆட்கள், புது விலை என்று எண்ணுவதும் தவறு. விலை போடுவதற்கென்றே கம்பனிகள் இருக்கின்றன. மால்டாத் தீவைத் தளமாகக் கொண்ட காம்பி, சுவிட்சர்லாந்தின் ஸ்போர்ட்ராடார் ஆகியன பெரியவை. இவை போடும் விலையையும் மென்பொருளையும் வாடகைக்கு எடுத்து, மேலே ஒரு பெயரையும் நிறத்தையும் பூசித் திறப்பதே பல தளங்களின் பிறப்பு. ஒரே விலைப்பட்டியல் பத்துத் தளங்களில் ஓடும். வேறுபடுவது ஒவ்வொருவரும் மேலே ஏற்றும் தரகும், பணம் திருப்பித் தரும் பழக்கமும்தான்.

பழைய தளங்களுக்காக வாதாட நாம் வரவில்லை. பிரித்தானியப் பந்தய நிறுவனங்களான லாட்புரோக்ஸ் 1886இலும் வில்லியம் ஹில் 1934இலும் தொடங்கியவை. பெற்365 இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது. காலங்காலமாகப் பணம் கொடுத்து வந்த வரலாறு ஒரு பலம். ஆனால் தொடர்ந்து வெல்பவரின் பந்தயத் தொகையைச் சில நூறு ரூபாய்க்குச் சுருக்கிவிடுவது பெரிய நிறுவனங்களிடமும் உள்ள வழக்கம். அதைவிட முக்கியமானது, பலருக்குத் தெரியாதது: பிரித்தானியாவின் சூதாட்ட ஆணைக்குழு கொடுத்த உரிமத்தின் பாதுகாப்பு பிரித்தானிய வாடிக்கையாளருக்குத்தான். அதே பெயருடைய தளம் வேறு நாட்டவருக்கு வேறோர் உரிமத்தின் கீழ் இயங்கலாம். உவர்மலையில் இருந்து பதிவு செய்பவர், லண்டனில் உள்ள மாமாவுக்கு இருக்கும் உரிமைகள் தனக்கும் உண்டு என்று நினைத்துவிடக்கூடாது. மாமாவின் பெயரில் அக்கவுண்ட் திறந்து, இருக்கும் நாட்டை மறைக்கும் விபிஎன் போட்டு நுழைபவர்களும் இருக்கிறார்கள். அது நிபந்தனை மீறல். தோற்றுக்கொண்டிருக்கும்வரை கண்டுகொள்ளமாட்டார்கள், வென்று பணம் கேட்கும் அன்றுதான் கண்டுபிடிப்பார்கள்.

உரிமம் என்ற சொல்லுக்குள்ளும் பல படிகள் உண்டு. புதுத் தளங்களின் அடியில் அதிகம் காணப்படுவது குராசாவ் என்ற கரீபியன் தீவின் உரிமம். முன்பு அங்கே சில தலைமை உரிமதாரர்கள் தமக்குக் கீழே நூற்றுக்கணக்கான தளங்களுக்கு உப உரிமம் வழங்கிவந்தார்கள். 2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் அந்த முறையை மாற்றியது. அடியில் ஒட்டியிருக்கும் முத்திரை வெறும் படமாகவும் இருக்கலாம். உரிமம் கொடுத்த அமைப்பின் சொந்தப் பதிவேட்டுக்குப் போய், நிறுவனத்தின் பெயரையும் தளத்தின் முகவரியையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடவேண்டும். ஒரு புள்ளியோ ஓர் இலக்கமோ கூட இருந்தால் அது வேறு தளம். நல்ல உரிமம் இருந்தாலும் பணம் பத்திரம் என்றில்லை. ஃபுட்போல் இன்டெக்ஸ் என்ற பிரித்தானியத் தளம் 2015இல் புதுமை என்று கொண்டாடப்பட்டு வந்தது. அங்குள்ள ஆணைக்குழுவின் உரிமமும் அதற்கு இருந்தது. 2021 மார்ச்சில் விழுந்தபோது, வாடிக்கையாளர்களின் பெருந்தொகைப் பணம் உள்ளே மாட்டிக்கொண்டது. திரையில் தெரியும் இருப்பு ஏட்டுச் சுரைக்காய். நம் வங்கிக் கணக்குக்கு வந்த பிறகே அது காசு.

நம் ஊர்க்காரர் அதிகம் தடுக்கி விழுவது பணம் எடுக்கும் இடத்தில்தான். 500 ரூபாயில் பணம் போடலாம், ஆனால் 5,000க்குக் குறைய எடுக்கமுடியாது என்று விதி இருந்தால், 4,900 ரூபாய் இருப்பு உள்ளவர் திரும்பவும் ஆடியே தீரவேண்டும். அடுத்தது ஆள் அடையாளம். பணம் போடும்போது எதுவும் கேட்கமாட்டார்கள். எடுக்கும்போது அடையாள அட்டையின் இரு பக்கமும், முகப்படமும், சொந்தப் பெயரில் வந்த மின்சாரப் பட்டியலோ தண்ணீர்ப் பட்டியலோ கேட்பார்கள். நம் வீடுகளில் பட்டியல் அப்பாவின் பெயரில் வரும், சிலவேளை காலமான பாட்டனாரின் பெயரில்கூட வரும். பழைய அடையாள அட்டையில் பெயர் ஆங்கிலத்தில் இல்லை. எல்லாவற்றிலும் பெரிய சிக்கல் பெயரின் ஒழுங்கு. நமக்குத் தகப்பன் பெயர் முன்னால், சொந்தப் பெயர் பின்னால். படிவத்தில் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று கேட்டதும் ஒருவர் ஒரு மாதிரி நிரப்புகிறார். வங்கிப் புத்தகத்தில் முதலெழுத்துகள் மட்டும் இருக்கின்றன. கடவுச்சீட்டில் வேறு ஒழுங்கு. ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஓர் 'எச்' கூடலாம், குறையலாம். "பெயர் பொருந்தவில்லை" என்று மறுப்பு வரும். நேர்மையான தளம் என்றால் இரண்டு கடிதங்களில் தீர்ந்துவிடும். நேர்மையற்ற தளத்துக்கு இது கையில் கிடைத்த ஆயுதம். ஆவணம் தெளிவில்லை, மூலை வெட்டுப்பட்டிருக்கிறது, மூன்று மாதத்துக்கு உட்பட்ட பட்டியல் வேண்டும் என்று வாரக்கணக்கில் இழுப்பார்கள். இழுக்கும் நாட்களில் "மீளப்பெறலை இரத்துச் செய்து ஆட்டத்தைத் தொடரவும்" என்ற பொத்தான் திரையில் மின்னிக்கொண்டே இருக்கும். பொறுமை இழந்தவர் அதை அழுத்திவிடுவார். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போவது இப்படித்தான்.

18 வயது நிரம்பாத பிள்ளை அப்பாவின் அடையாள அட்டையில் பதிவு செய்தால் கதை இன்னும் மோசம். தோற்ற பணம் தோற்றதுதான். வென்றால் அக்கவுண்டை மூடிவிடுவார்கள். அந்த விதியைத் தவறென்று சொல்லவும் முடியாது.

பணம் போகும் பாதைக்கும் விலை உண்டு. ரூபாய் டொலராகி, திரும்ப ரூபாயாகும்போது ஒவ்வொரு தடவையும் நூற்றுக்கு 2.5 போகிறது என்று வைத்தாலே, இரண்டும் சேர்ந்து கிட்டத்தட்ட 5. 1.62க்கும் 1.70க்கும் இடையில் இருந்த முழு வித்தியாசமும் அதுவே. பழைய தளத்திலும் இந்தச் செலவு உண்டு. ஆனால் புதுத் தளங்கள் பல, வங்கி அட்டையை விட்டு யூஎஸ்டிடி போன்ற கிரிப்டோ நாணயத்துக்கோ ஏஜென்டுக்கோ ஆளைத் தள்ளுகின்றன. அங்கே மாற்று விலை ஏஜென்ட் சொல்வதுதான். நமது வங்கி அட்டைகளைக் கொண்டு கிரிப்டோ கொடுக்கல் வாங்கல் செய்ய மத்திய வங்கி அனுமதிக்கவில்லை என்பதும் நினைவிருக்கட்டும்.

ஏஜென்ட் முறை இன்னும் ஆபத்தானது. டெலிகிராமில் ஒருவர் ஓர் 'ஐடி'யும் கடவுச்சொல்லும் தருவார். உள்ளூர் வங்கிக் கணக்கு இலக்கம் ஒன்றுக்குக் காசு போடச் சொல்வார். நாளைக்கு வேறு இலக்கம், வேறு பெயர். அந்தக் கணக்குகள் பெரும்பாலும் சில ஆயிரம் ரூபாய்க்குத் தமது வங்கி அட்டையை இரவல் கொடுத்த ஏழைப் பிள்ளைகளுடையவை. அப்படியொரு கணக்கு வேறு மோசடியொன்றில் சிக்கி முடக்கப்பட்டால், அதற்குக் காசு அனுப்பியவர் யார் என்ற விசாரணை நம் வீட்டு வாசலுக்கும் வரும். இந்த முறையில் திரையில் தெரிவது தளத்தில் உள்ள இருப்புக்கூட இல்லை, ஏஜென்டின் கொப்பியில் உள்ள கணக்கு. கணக்கை இரவல் கேட்டு வருபவரிடம் "இல்லை" என்று சொல்லுங்கள், நெருங்கிய உறவாக இருந்தாலும்.

விதிகளிலும் தளத்துக்குத் தளம் வேறுபாடு உண்டு. 2023 செப்டெம்பர் 2ஆம் திகதி பல்லேகலையில் ஆசியக் கிண்ணத்துக்காக இந்தியாவும் பாகிஸ்தானும் ஆடியதை எல்லோரும் பார்த்திருப்போம். இந்தியா 48.5 ஓவர்களில் 266க்குச் சகல விக்கெட்டுகளையும் இழந்தது. பிறகு மழை, முடிவில்லை. வெற்றி தோல்விப் பந்தயப் பணம் திரும்பும், சரி. ஆனால் இந்தியா 260க்கு மேல் எடுக்கும் என்றோ ஹர்திக் பாண்டியா அதிக ஓட்டம் எடுப்பார் என்றோ வைத்தவருக்கு? அவர் 87 எடுத்து அணியில் முன்னுக்கு நின்றார். இன்னிங்ஸ் முடிந்ததால் பணம் உண்டு என்று எழுதியிருக்கும் விதியும் உண்டு, போட்டி கைவிடப்பட்டால் எல்லாம் செல்லாது என்று எழுதியிருக்கும் விதியும் உண்டு. மழைக்காலத்தில் ஆடும் நம் நாட்டு ஆட்டங்களுக்கு இந்த ஒரு பந்தி முக்கியம். புதுத் தளங்கள் சிலவற்றில் விதிப் பக்கமே அரைகுறை மொழிபெயர்ப்பில் கிடக்கிறது. "வெளிப்படையான விலைத் தவறு" என்ற பந்தியையும் தேடிப் பாருங்கள். புதுத் தளங்கள் விலையை மாற்றச் சுணங்குவதால் சிலவேளை உண்மையிலேயே நல்ல விலை அகப்படும். அப்படிப் பிடித்து வென்றவரின் பந்தயத்தை, ஆட்டம் முடிந்த பிறகு, இந்தப் பந்தியைக் காட்டி இரத்துச் செய்யலாம். அதாவது புதுத் தளத்தில் விலை உண்மையாகவே கூடவாக இருக்கும் இடம் எதுவோ, அதுவே பணம் கிடைப்பது சந்தேகமான இடமும்.

கைபேசிப் பந்தயச் சீட்டில் "விலை மாறினால் தானாக ஏற்றுக்கொள்" என்ற சிறு கட்டம் ஒன்று இருக்கும். பல செயலிகளில் அது முன்கூட்டியே சரி போடப்பட்டிருக்கும். 1.70ஐப் பார்த்து அழுத்தியவருக்கு 1.58இல் பந்தயம் விழும். இணைய ஒளிபரப்பு மைதானத்துக்குப் பல விநாடிகள் பின்னால் ஓடுகிறது. விக்கெட் விழுந்தது தளத்துக்கு முதலில் தெரியும், நமக்குப் பிறகுதான்.

இலங்கை நாடாளுமன்றம் 2025இல் சூதாட்டத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை ஒன்றுக்கான சட்டத்தை நிறைவேற்றியிருக்கிறது. நல்லது. ஆனால் கடல் கடந்த நாட்டில் பதிவான, இங்கே எந்த உரிமமும் இல்லாத தளம் ஒன்று பணத்தைத் தர மறுத்தால், திருகோணமலையில் இருந்துகொண்டு அதை வழிக்குக் கொண்டுவர நடைமுறையில் வழியில்லை. ஆகவே புதுத் தளம் தருவதாகச் சொல்லும் ஒவ்வொரு விலையையும், பணம் கைக்கு வரும் வாய்ப்பால் பெருக்கிப் பாருங்கள். 1.70 தரும் தளம் பத்துத் தடவையில் ஒன்பது தடவைதான் பணம் கொடுக்கும் என்றால், அந்த விலை உண்மையில் 1.53. பழையதன் 1.62ஐ விடக் குறைவு. இந்தப் பெருக்கலைத்தான் நம் பிள்ளைகள் செய்வதில்லை.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். பந்தயத் தளங்கள் விளையாட்டுச் செய்தித் தளங்கள் போலவும் "எதிர்வுகூறல்" பக்கங்கள் போலவும் வேடமிட்டு விளம்பரம் கொடுக்கின்றன. அவற்றை ஏற்காதீர்கள். பெரிய தொடர் தொடங்கும் வாரத்தில் விளையாட்டுப் பக்கத்தின் ஒரு மூலையில் மேலே சொன்ன நாணயச் சுழற்சிக் கணக்கைப் போடுங்கள். ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளைக்கும் விளங்கும். பாடசாலைகளில் நிகழ்தகவு படிப்பிக்கும் ஆசிரியர்களும் பகடைக்காய்க்குப் பதிலாக ஒரு நாள் இதை எடுத்துக் கரும்பலகையில் போடலாம்.

ஏற்கெனவே பணம் மாட்டியவர்கள் முதலில் செய்யவேண்டியது, மேலும் பணம் போடாமல் நிறுத்துவது. "வரி கட்டினால் விடுவிப்போம்", "சரிபார்ப்புக் கட்டணம் செலுத்துங்கள்" என்று கேட்டால் அது மோசடி என்பதில் ஐயமே வேண்டாம். வென்ற பணத்தில் கழிக்கவேண்டியதை வெளியில் இருந்து கட்டச் சொல்லும் நேர்மையான நிறுவனம் கிடையாது. தள முகவரி தெரியும்படி ஸ்கிரீன்ஷொட்களை எடுத்து வையுங்கள். அரட்டைப் பதிவுகளை அழிக்காதீர்கள். அட்டை இலக்கம் கொடுத்திருந்தால் வங்கிக்கு அழைத்து அட்டையை உடனே நிறுத்தி, கொடுக்கல் வாங்கல் பட்டியலோடு எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள். வாய்ப்பேச்சு போதாது, முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். பிறகு பொலிஸ். "பணத்தை மீட்டுத் தருகிறோம்" என்று அதே டெலிகிராமில் வருபவர்களை நம்பாதீர்கள். அவர்கள் இரண்டாம் சுற்று.

லீசிங் கட்டவும் சீட்டுக் கட்டவும் வைத்திருந்த காசு இப்படிப் போய்விட்டதென்று வீட்டில் சொல்லமுடியாமல் உள்ளுக்குள்ளே வெந்துகொண்டிருக்கும் பிள்ளைகள் நம் தெருக்களில் இருக்கிறார்கள். அவர்களுக்கும் அவர்களின் தாய் தகப்பனுக்கும்: தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கம் இருக்கிறது. அழைத்துப் பேசுங்கள். பிள்ளை வந்து சொன்னால், எவ்வளவு போயிற்று என்று கேட்பதற்கு முன் சாப்பிட்டாயா என்று கேளுங்கள்.

இங்ஙனம்,
கணித ஆசிரியர் ஒருவரும், ஓய்வுபெற்ற வங்கி அலுவலர் ஒருவரும்
உவர்மலை, திருகோணமலை